எண்பதுகளா, தொண்ணூறுகளா: திரையிசை வாதத்துக்கு ஓர் அரிச்சுவடி

"எண்பதுகள் மாதிரி இனி வராது" என்று ஒருவர் சொல்வார். "ரோஜா கேசட்டை முதல் தடவை போட்டுக் கேட்டப்போ அந்தச் சத்தம் எப்படி இருந்தது, அது எண்பதுகள்ல ஏது?" என்று இன்னொருவர் கேட்பார். அரை மணி நேரம் இருவரும் விட்டுக்கொடுக்காமல் பேசுவார்கள். முதலாமவர் சொல்வது மெட்டையும் இடையிசையையும். இரண்டாமவர் சொல்வது ஒலிப்பதிவை. இருவர் சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்பிருப்பதால்தான் வாதம் முடிவதே இல்லை.

ஒரு பத்தாண்டின் பாட்டை எடைபோடுவது புதிதாகக் கேட்கத் தொடங்குபவருக்கு மிக நல்ல பயிற்சி. ஆனால் எதை எடைபோடுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு திரைப்பாட்டில் மெட்டு, வாத்திய அமைப்பு, ஒலிப்பதிவு, வரி, குரல் என்று ஐந்து வேலைகள் இருக்கின்றன. "எந்தப் பத்தாண்டு சிறந்தது" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. "வாத்திய அமைப்பில் எது சிறந்தது" என்று கேட்டால் பதில் சொல்லலாம், காரணமும் காட்டலாம். எங்கள் கணிப்பை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம்: இடையிசையிலும் (பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் வாத்திய இசை) பேஸ் கிட்டாரிலும் (கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் கிட்டார்) எண்பதுகள் முன்னே நிற்கின்றன. ஒலியின் துல்லியத்திலும் குரல்களின் பன்மையிலும் தொண்ணூறுகள் முன்னே நிற்கின்றன. மெட்டை வைத்து எந்தப் பத்தாண்டையும் ஜெயிக்க வைக்க முடியாது.

எது எண்பதுகள்?

காலண்டர்படி 1980 முதல் 1989 வரை. இசைப்படி பார்த்தால் அந்தக் கோடு பொருந்தாது. நாம் "எண்பதுகளின் ஒலி" என்று சொல்வது 1976ல் அன்னக்கிளி படத்தோடு இளையராஜா வந்தபோது தொடங்கி, 1992 ஆகஸ்டில் ரோஜா வெளியாகும் வரை நீள்கிறது. முள்ளும் மலரும் 1978ல் வந்தது, தளபதி 1991ல் வந்தது. கேட்பவர் காதுக்கு இரண்டும் எண்பதுகள்தான். காலண்டரோ ஒன்றை எழுபதுகளிலும் மற்றதைத் தொண்ணூறுகளிலும் போடும்.

அதனால் பேச்சை ஆரம்பிக்கும் முன்பே ஒரு விதியை ஒப்புக்கொள்ளுங்கள். படம் வெளியான ஆண்டை வைத்துப் பேசப் போகிறோமா, இசையின் போக்கை வைத்தா? வெளியான ஆண்டை எடுத்துக்கொள்வது புதியவர்களுக்கு நல்லது. சரிபார்க்க முடியும், பேச்சு நடுவில் யாரும் எல்லையை நகர்த்த முடியாது. இந்த விதி இல்லாவிட்டால் நடப்பது இதுதான்: எண்பதுகளின் ஆதரவாளர் தளபதியையும் குணாவையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார், தொண்ணூறுகளின் ஆதரவாளர் 2000ல் வந்த அலைபாயுதேயைச் சேர்த்துக்கொள்வார். இரண்டு பேரும் பத்தாண்டுகளுக்குப் பதில் பதினைந்து ஆண்டுகளை வைத்துச் சண்டை போடுவார்கள்.

இந்த விதி இன்னொரு பெரிய குழப்பத்தையும் தீர்க்கும். எண்பதுகள் என்றால் ராஜா, தொண்ணூறுகள் என்றால் ரஹ்மான் என்று பலரும் சமன்பாடு போடுகிறார்கள். அது தவறு. தளபதி, குணா, தேவர் மகன், வீரா, அவதாரம், காதலுக்கு மரியாதை எல்லாமே தொண்ணூறுகளின் ராஜா. அதே பத்தாண்டில் தேவா, வித்யாசாகர், எஸ்.ஏ. ராஜ்குமார், சிற்பி ஆகியோரும் ஓயாமல் வேலை செய்தார்கள். இருவரை ஒப்பிட ஆசையென்றால் இருவரை ஒப்பிடுங்கள், அது தனி வாதம். பத்தாண்டை ஒப்பிடுவதாகச் சொல்லிவிட்டு இருவரை ஒப்பிடாதீர்கள்.

மற்றவர்களை விட்டுவிடும் தவறு

எண்பதுகளைப் பற்றிப் பேசும்போது மிக அதிகமாக நடக்கும் பிழை, அந்தக் காலத்து நல்ல பாட்டையெல்லாம் ஒரே ஆள் பேரில் எழுதிவிடுவது. அடிக்கடி இடம் மாறும் சில பாட்டுகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வசந்தி படத்தின் "ரவிவர்மன் எழுதாத கலையோ" சந்திரபோஸ் இசை. வாழ்வே மாயத்தின் "நீலவான ஓடையில்" கங்கை அமரன். அச்சமில்லை அச்சமில்லையில் வரும் "ஆவாரம் பூவு" வி.எஸ். நரசிம்மன். இவர் ராஜாவின் குழுவில் முக்கியமான வயலின் கலைஞர் என்பதால் பாட்டில் ராஜாவின் சாயல் தெரிவதில் வியப்பில்லை. செந்தூரப்பூவே படத்துக்கு இசை மனோஜ்-கியான்.

எம்.எஸ். விஸ்வநாதன் எண்பதுகளில் ஓய்ந்துவிட்டார் என்று நினைப்பதும் சரியில்லை. 1980ல் வறுமையின் நிறம் சிவப்பு அவருடையது. 1986ல் மெல்லத் திறந்தது கதவு படத்துக்கு அவரும் ராஜாவும் சேர்ந்து இசையமைத்தார்கள். 1987ல் நீதிக்குத் தண்டனைக்காக அவர் பாரதியின் "சின்னஞ்சிறு கிளியே"வுக்கு மெட்டமைத்தபோது அறிமுகமான குரல் சொர்ணலதா. அதே சொர்ணலதாதான் 1994ல் கருத்தம்மா படத்தில் ரஹ்மான் இசையில் பாடித் தேசிய விருது பெற்றார். இவரை எந்தப் பத்தாண்டின் கணக்கில் வைப்பது என்று கேட்டால் எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பது புரிந்துவிடும்.

பாரதி பாடல்கள் என்றதும் 1982ன் ஏழாவது மனிதனை விடக்கூடாது. இசை எல். வைத்தியநாதன். டி. ராஜேந்தர், சங்கர்-கணேஷ் பெயர்களும் பட்டியலில் இருக்க வேண்டும். இவர்களை எல்லாம் சேர்த்துக் கேட்டால்தான் எண்பதுகளின் அகலம் தெரியும். பாட்டு யாருடையது என்று சந்தேகம் வந்தால் படத்தின் டைட்டில் கார்டையோ பழைய இசைத்தட்டின், கேசட்டின் உறையையோ பாருங்கள். இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த பாட்டின் தலைப்பை நம்ப வேண்டாம். அங்கேதான் பெயர்கள் மாறுகின்றன.

பாட்டைப் பிரித்துக் கேட்பது எப்படி

வழக்கமான திரைப்பாட்டு நாலு முதல் ஐந்து நிமிடம். முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, முதல் சரணம், இரண்டாம் இடையிசை, இரண்டாம் சரணம், மறுபடி பல்லவி. ரசிகர்கள் இடையிசையை "பிஜிஎம்" என்றோ "இன்டர்லூட்" என்றோ சொல்வார்கள். எண்பதுகளின் பலம் எங்கே இருக்கிறது என்று ஒரே சொல்லில் கேட்டால் அந்த இடையிசைகளில்தான். சரணங்கள் இரண்டும் ஒரே மெட்டில் போகும், ஆனால் அவற்றுக்கு முன்னால் வரும் இரண்டு இடையிசைகளும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும். ஒன்றில் வயலின் கூட்டம், மற்றதில் புல்லாங்குழலும் கிட்டாரும் என்று போகும். மெட்டை மட்டும் கேட்டுப் பழகியவருக்கு இது பிடிபட நாளாகும்.

ஒரு பாட்டை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை பாடுபவரை விட்டுவிட்டு இடையிசைகளை மட்டும் கவனியுங்கள்: எத்தனை வாத்தியம், எது எதற்குப் பதில் சொல்கிறது, முதல் இடையிசையும் இரண்டாவதும் எங்கே பிரிகின்றன. மூன்றாம் தடவை பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அதற்கு ஹெட்போன் கட்டாயம். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கைபேசியின் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்குப் போகவே போகாது. கைபேசியை மேசையில் வைத்துக் கேட்டுவிட்டு "எண்பதுகள்ல பேஸே இல்ல" என்று முடிவுகட்டுபவர்கள் பாட்டின் பாதியைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

பயிற்சிக்குப் பயணங்கள் முடிவதில்லை படத்தின் "இளைய நிலா"வை எடுங்கள், 1982. கிட்டார் முன்னிசையாக வந்து நின்றுவிடுவதில்லை. பாலசுப்ரமணியம் பாடத் தொடங்கிய பிறகும் குரலுக்கு அடியில் தந்தி தந்தியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கும் கீழே பேஸ் தனக்கென்று ஒரு வழியில் நடக்கிறது. குரல், கிட்டார், பேஸ் என்று மூன்று மெட்டுகள் ஒரே நேரத்தில். மூன்றையும் தனித்தனியாக முணுமுணுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நீங்கள் வாத்திய அமைப்பைப் பற்றிப் பேசத் தயார்.

மெட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமானால் 1985ன் சிந்து பைரவி. அதில் யேசுதாஸ் பாடும் "கலைவாணியே" கல்யாணி ராகம், ஆனால் முழுக்க ஆரோகணத்திலேயே போகும். ஸ்வரங்கள் ஏறும், இறங்கி வராது, மறுபடி கீழிருந்து ஏறும். ராகம் தெரியாதவரும் அந்த ஏற்றத்தை உணரலாம். ஒவ்வொரு வரியும் படி ஏறுவது போல முடிவதைக் கேளுங்கள். அதே படத்தில் "பாடறியேன் படிப்பறியேன்" நாட்டுப்புற நடையில் தொடங்கித் தியாகராஜரின் "மரி மரி நின்னே"யில் போய்ச் சேரும். அந்தக் கீர்த்தனை காம்போதியில் பாடப்படுவது. ராஜா அதைச் சாரமதி ராகத்தில் அமைத்தார். கர்நாடக இசை உலகில் அதற்கு எதிர்ப்பும் வந்தது. இந்தப் படத்துக்கு ராஜாவுக்கும், இந்தப் பாட்டுக்குச் சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது.

ஒலி ஏன் மாறியது

எண்பதுகளின் முதல் பாதியில் பாட்டுப் பதிவு என்பது ஒரு கூடத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பது. வயலின் வரிசைகள், தாள வாத்தியம், கிட்டார், கீபோர்டு, தனி அறையில் பாடகர், அத்தனை பேருக்கும் கையில் எழுதிக்கொடுத்த இசைக்குறிப்பு. கடைசி சரணத்தில் ஒருவர் பிசகினால் ஆரம்பத்திலிருந்து மறுபடி. ஒரு கால்ஷீட்டுக்குள், அதாவது கலைஞர்களை அழைத்த அந்தச் சில மணி நேரத்துக்குள், பாட்டு முடிய வேண்டும். இந்த முறைக்கு இரண்டு விளைவுகள். எல்லோரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசித்ததால் வேகம் இயல்பாக ஏறி இறங்கும், உயிரோட்டம் இருக்கும். அதே காரணத்தால் ஒரு மைக்கில் பக்கத்து வாத்தியமும் விழும், பிறகு தனித்தனியாகச் சரிசெய்ய வழி குறைவு. பழைய பதிவுகளில் கேட்கும் ஒலி மங்கல் இப்படி வந்ததுதான். 1978ல் பிரியா படப் பாடல்கள் ஸ்டீரியோவில் வந்தன என்றாலும் பெரும்பாலானவர்கள் கேட்டது வானொலியில், ஒற்றை ஸ்பீக்கரில்.

எண்பதுகளின் நடுவில் மின்னணுக் கருவிகள் நுழைகின்றன. கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி முறை 1983ல் உலக அளவில் வந்தது. 1986ன் புன்னகை மன்னனில் சீக்வென்ஸரின் (பதிந்துவைத்த ஸ்வரங்களைத் தானே வாசிக்கும் கருவி) தடம் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே "கம்ப்யூட்டர் மியூசிக் தொண்ணூறுகள்ல வந்தது" என்ற வாதம் நிற்காது. வந்தது எண்பதுகளில்தான், வேலை செய்யும் முறையையே மாற்றியது தொண்ணூறுகளில்.

அந்த மாற்றம் கோடம்பாக்கத்தில் ரஹ்மான் தன் வீட்டையொட்டி அமைத்த பஞ்சதன் ஸ்டுடியோவில் நடந்தது. தாளத்தை முதலில் அமைத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி நாளில் பதிந்து, பாடகரைத் தனியாகப் பாடவைத்து, எல்லாவற்றையும் அடுக்கி, பிடிக்காததை எடுத்துவிட்டு மறுபடி அடுக்குவது. ஒரு பாட்டுக்கு நாட்கணக்கில் நேரம் கிடைத்தது. அதனால் ஒவ்வொரு ஒலிக்கும் தனி இடம் கிடைத்தது. பாடகரின் மூச்சுக்கூடக் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. வெறும் கருவி வித்தை என்று இதைத் தள்ளிவிடுபவர்கள் 1993ன் திருடா திருடாவில் "ராசாத்தி"யைக் கேட்க வேண்டும். அதில் வாத்தியமே கிடையாது. ஷாகுல் ஹமீதின் குரலும் குழுவினரின் குரலும் மட்டும். ஒலிக்கு இடம் விடுவது என்றால் என்ன என்று அந்த ஒரு பாட்டே சொல்லிவிடும்.

குரல்களிலும் இதே கதை. எண்பதுகளின் பெரும்பகுதியை எஸ்.பி.பி, யேசுதாஸ், ஜானகி, சுசீலா, வாணி ஜெயராம், மலேசியா வாசுதேவன், பின்னர் மனோ, சித்ரா ஆகியோர் தாங்கினார்கள். ஜென்சி, உமா ரமணன், தீபன் சக்கரவர்த்தி போன்ற அருமையான குரல்கள் இருந்தும் குறைவாகவே ஒலித்தன என்பது அந்தப் பத்தாண்டின் குறை. ஒரே கால்ஷீட்டில் தப்பில்லாமல் பாடிமுடிக்கத் தெரிந்தவர்களையே நம்ப வேண்டியிருந்தது. தனியாகப் பதியும் முறை வந்ததும் புதியவர்களைச் சோதிக்கத் துணிவு வந்தது. மின்மினி, உன்னிகிருஷ்ணன், ஹரிஹரன், ஸ்ரீனிவாஸ், ஹரிணி, அனுராதா ஸ்ரீராம் என்று வரிசை நீண்டது.

எண்ணிக்கை செய்யும் மாயம்

பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. இளையராஜாவின் நூறாவது படம் 1980ல் வந்த மூடுபனி. நானூறாவது படம் 1987ல் வந்த நாயகன். ஏழு ஆண்டில் முந்நூறு படம், ஆண்டுக்கு நாற்பதுக்கும் மேல். படத்துக்கு ஐந்து பாட்டு என்றாலும் ஆண்டுக்கு இருநூறு பாட்டு, அதோடு பின்னணி இசையும். தொண்ணூறுகளில் ரஹ்மான் ஆண்டுக்கு ஒருசில படங்களே செய்தார். ஆகவே சராசரியை ஒப்பிட்டால் ரஹ்மானுக்குச் சாதகம், மொத்த நல்ல பாட்டுகளை எண்ணினால் ராஜாவுக்குச் சாதகம். இரண்டில் எதை அளவுகோலாக வைக்கிறீர்கள் என்று சொல்லாமல் வாதிட்டால் ஒருவர் சராசரியைச் சொல்வார், மற்றவர் மொத்தத்தைச் சொல்வார்.

இதைவிட ஆழமான பள்ளம், மறந்துபோன பாட்டுகள். தமிழில் அன்று ஆண்டுக்கு நூறு படத்துக்கு மேல் வந்தன. படத்துக்கு ஐந்து என்றால் பத்தாண்டுக்கு ஐயாயிரம் பாட்டு. இன்று நாம் "எண்பதுகள்" என்று கேட்பது அதில் முந்நூறோ நானூறோ. நாற்பது ஆண்டுகளாக நேயர்களும் வானொலியும் பேருந்துகளும் சலித்தெடுத்த மிச்சம் அது. அதை இன்று இந்த வாரம் வெளியான பத்துப் பாட்டோடு ஒப்பிட்டால் பழையதுதான் ஜெயிக்கும், எந்தக் காலத்தில் ஒப்பிட்டாலும்.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது, கொஞ்சம் உழைப்புக் கேட்கும். முதல் பத்துப் பாட்டுப் பட்டியல் போடாதீர்கள். ஓர் ஆண்டைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், 1984 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு வெளியான படங்களின் பட்டியலிலிருந்து கண்ணை மூடிப் பத்துப் படம் எடுத்து, அவற்றின் எல்லாப் பாட்டையும் கேளுங்கள், நல்லது கெட்டது பார்க்காமல். பிறகு 1994க்கும் அதையே செய்யுங்கள். நூறு பாட்டு, ஏழெட்டு மணி நேரம். வார்ப்பில் ஊற்றிய பாட்டுகள், மழை நடனங்கள், சந்தத்தை நிரப்ப வந்த வரிகள் எல்லாம் இரண்டு பத்தாண்டிலும் எத்தனை என்று அப்போதுதான் தெரியும். இதைச் செய்தவர்கள் அதன் பிறகு "அந்தக் காலத்துல எல்லாமே நல்ல பாட்டு" என்று சொல்வதில்லை.

நினைவின் பங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1989ல் அமெரிக்காவில் ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள், பல வயதினரிடம் பல காலத்துப் பாட்டுகளைக் கேட்கவைத்துப் பார்த்தார்கள். கேட்பவருக்குச் சுமார் 23 அல்லது 24 வயதாக இருந்தபோது பிரபலமான பாட்டுகளுக்கே விருப்பம் உச்சத்தில் இருந்தது. ஆளுக்கு ஆள் சில ஆண்டுகள் முன்பின் இருக்கலாம். 1965ல் பிறந்தவருக்கு அந்த வயது 1988ல், 1975ல் பிறந்தவருக்கு 1998ல். வாதத்தில் இறங்குபவர்கள் தங்கள் பிறந்த ஆண்டை முதலில் சொல்லிவிடுவது நல்ல வழக்கம். பிடித்திருப்பது வேறு, சிறந்தது என்று நிறுவுவது வேறு. பிடித்ததற்குக் காரணம் தேவையில்லை, சிறந்தது என்பதற்குத் தேவை.

வரியைத் தனியாக நிறுத்துங்கள்

கண்ணதாசன் 1981 அக்டோபரில் மறைந்தார். மூன்றாம் பிறையின் "கண்ணே கலைமானே" அவருடைய கடைசிப் பாட்டாக அறியப்படுகிறது. வைரமுத்து 1980ல் நிழல்கள் படத்தின் "பொன்மாலைப் பொழுது" மூலம் அறிமுகமானார். வாலி இரண்டு பத்தாண்டிலும் எழுதினார். ஒரு கை ஓய்ந்து மறு கை எழுந்த இடம் அது. எண்பதுகளில் மெட்டு முதலில், வரி பிறகு என்பது நிலைத்த வழக்கமாகிவிட்டது. தத்தகாரத்துக்குள் (சொல்லில்லாமல் "தன்னன்னா" என்று பாடிக்காட்டும் மெட்டு) சொல்லை அடைக்கும் வேலையில் தேர்ந்தவர்கள் அற்புதம் செய்தார்கள், அவசரத்தில் எழுதியவர்கள் பூவையும் மானையும் போட்டு நிரப்பினார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் நிரப்பும் வரிகள் அதிகம் என்பது எங்கள் கருத்து. இடையிசை அவ்வளவு உயரத்தில் இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. வரியைத் தாளில் எழுதி, இசையில்லாமல் வாசித்துப் பாருங்கள். நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஒப்பிடும் முன் ஒலியைச் சமன்படுத்துங்கள்

இரண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கும்போது, சத்தம் ஒன்றிரண்டு டெசிபல் கூடுதலாக இருக்கும் பாட்டு, "தரமாக" இருப்பதாகவே காது சொல்லும். பிற்காலப் பதிவுகள் பொதுவாக உரக்கவே இருக்கும். பழைய பாட்டுக்கு வால்யூமைக் கூட்டி, குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி வைத்த பிறகே ஒப்பிடுங்கள்.

அடுத்தது வேகம். தேய்ந்த கேசட்டிலிருந்தோ வேகம் தவறிய தட்டிலிருந்தோ எடுத்த பதிவுகள் இணையத்தில் ஏராளம். ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும், நாலரை நிமிடப் பாட்டு கால் நிமிடம் குறைந்துவிடும். பாடகரின் குரல் கொஞ்சம் மெலிந்து கீச்சென்று கேட்டால் இரண்டு மூன்று பதிவுகளின் நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது, "புதுப்பித்த" பதிவுகள். சிலவற்றில் புதிதாக டிரம்ஸையும் பேஸையும் சேர்த்திருப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு எண்பதுகளின் பேஸைப் புகழ்ந்தால் வாதம் அங்கேயே கவிழும். படத்தில் வரும் வடிவத்தையும் நம்ப முடியாது, சரணமோ இடையிசையோ வெட்டியிருக்கலாம். இசைத்தட்டு வடிவமே ஆதாரம்.

பேச உட்காரும்போது

மூன்று நான்கு பேர் போதும். ஆளுக்கு மூன்று பாட்டு, ஒவ்வொன்றும் முழுசாக ஓட வேண்டும், ஓடும்போது யாரும் பேசக் கூடாது. பாட்டைக் கொண்டுவந்தவர், ஐந்து வேலைகளில் எதற்காகக் கொண்டுவந்தார் என்பதைப் பாட்டு ஓடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். முடிந்தபின் சொன்னால் தோற்கும்போது அளவுகோலை மாற்றிவிடுவார்கள்.

விருதையும் பார்வை எண்ணிக்கையையும் ஆதாரமாக ஏற்காதீர்கள். 1992க்கான தேசிய விருதுகளில் இசையமைப்பாளர் விருது ரோஜாவுக்காக ரஹ்மானுக்குப் போனது. அதே ஆண்டு பாடகி விருது, ராஜாவின் தேவர் மகனில் "இஞ்சி இடுப்பழகா" பாடிய ஜானகிக்கு. இதை வைத்து எந்தக் கட்சியும் தன் கொடியை ஏற்றலாம்.

இனத்தோடு இனம் ஒப்பிடுவதும் முக்கியம். குத்துப்பாட்டையும் கர்நாடக ராகப் பாட்டையும் மோதவிட்டால் ஒன்றும் தெரியாது. கிராமத்துப் படங்களுக்குக் கரகாட்டக்காரனையும் (1989) கிழக்குச் சீமையிலேயையும் (1993) அருகருகே வையுங்கள். முதலாவதில் நாதஸ்வரமும் தவிலும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். இரண்டாவதில் நாட்டுப்புறத் தாளத்துக்கு அடியில் அடுக்கிய ஒலிகள் கேட்கும். ராகத்துக்குக் "கலைவாணியே"வோடு, காதலன் படத்தில் கேதார ராகத்தில் வரும் "என்னவளே"வை வையுங்கள்.

முதல் முறை உட்காருபவர்களுக்கு நாங்கள் தரும் ஜோடி புன்னகை மன்னனின் தீம் இசையும் (1986) பம்பாயின் தீம் இசையும் (1995). இரண்டிலும் வரி இல்லை, அதனால் கவிஞரைப் பற்றிப் பேச்சு வராது. கட்சி கட்டப் பாடகரும் கிடையாது. முதலாவதில் இயந்திரத் தாளத்தின் மேல் மெட்டு எப்படி உட்காருகிறது, இரண்டாவதில் புல்லாங்குழலுக்குப் பின்னால் வயலின் வரிசைகள் எந்த இடத்தில் நுழைகின்றன என்று நிமிடமும் வினாடியும் போட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரஹ்மான் எண்பதுகளில் திலீப் என்ற பெயரில் ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர் என்பதையும் அந்தத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். எழுதிய தாளை மாற்றிக்கொண்டு, ஒருவர் குறித்ததை மற்றவர் பாட்டில் தேடிக் கேட்க வேண்டும். கிடைக்காத குறிப்பை அடித்துவிட்டு, மிஞ்சியவற்றை வைத்து வாதத்தைத் தொடங்குங்கள்.